5ஜி டவர் வந்ததும் கேபிள் டிஷ் திணறுவது ஏன்?

கேள்வி இதுதான். சிறு நகரம் ஒன்றில் கேபிள் நடத்துகிறவர் கேட்கிறார்: "பக்கத்துத் தெருவில் 5ஜி டவர் வந்தது. அதிலிருந்து மொட்டை மாடியில் இருக்கும் பெரிய டிஷ்ஷில் சில சேனல்கள் சாயங்காலமானால் கட்டம் கட்டமாக உடைகின்றன. கம்பெனி ஆட்களைக் கேட்டால் 'எங்கள் அலைவரிசை வேறு, உங்களுடையது வேறு' என்கிறார்கள். வேறு என்றால் படம் ஏன் உடைகிறது? இதே 5ஜியால் அமெரிக்காவுக்குப் போகிற விமானங்களையே நிறுத்தினார்களாமே, அது என்ன கதை? இவ்வளவும் போட்ட பிறகும் என் போனில் பார் முழுசாகக் காட்டிவிட்டு நெட் வராமல் இருப்பது எதனால்?"

கம்பெனி ஆட்கள் சொன்னது பொய்யில்லை. டவர்தான் காரணம் என்று நீங்கள் நினைப்பதும் பெரும்பாலும் சரி. அலைக்கற்றை ஏலத்தில் அரசு விற்பது அனுப்பும் உரிமையை. இந்த அலைவரிசை எண்ணிலிருந்து இந்த எண் வரை அனுப்பலாம், அதற்கு வெளியே இவ்வளவுக்கு மேல் கசியக் கூடாது என்று எல்லை போடுவது அனுப்புகிறவனுக்கு. கேட்கிற பெட்டி எதுவரை காது கொடுக்கலாம் என்று அந்த ஏலப் பத்திரத்தில் ஒரு வரியும் கிடையாது. உங்கள் டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்என்பி, அதாவது டிஷ் குவிப்பதை வாங்கிப் பெருக்கிக் கேபிளில் அனுப்பும் பெட்டி, தனக்குச் சம்பந்தமே இல்லாத அலைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக அங்கே யாரும் பேசவில்லை, அதனால் தெரியவில்லை. இப்போது ஆள் வந்துவிட்டான்.

எண்களைப் பார்த்துவிடுவோம். 2022 ஆகஸ்ட் 1-ல் முடிந்த ஏலத்தில் 5ஜிக்கென்று முக்கியமாகப் போன பட்டை 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்ஸ் வரை. அதே வருஷம் அக்டோபர் 1-ல் சேவை தொடங்கியது. உங்களுக்குச் செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் சி-பேண்ட் 3,700-ல் ஆரம்பித்து 4,200-ல் முடிகிறது. நடுவில் இருப்பது 30 மெகாஹெர்ட்ஸ். ஹாங்காங்கில் இதே சிக்கல் வந்தபோது 3,600 வரைதான் மொபைலுக்குக் கொடுத்தார்கள். 3,600-க்கும் 3,700-க்கும் நடுவில் 100 மெகாஹெர்ட்ஸை வெறுமனே விட்டுவைத்தார்கள். நம்மிடம் 30 என்பது கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் நல்ல ஃபில்டருக்கு அது போதும். பிரச்சினை வேறு இடத்தில். கடையில் வாங்கும் சாதாரண எல்என்பி 3,400 முதல் 4,200 வரை எல்லாவற்றையும் எடுக்கும்படி செய்தது. 5ஜி பட்டையில் 270 மெகாஹெர்ட்ஸ் அதன் வாய்க்குள்ளேயே விழுகிறது. அதற்கு முன்னால் ஃபில்டர் எதுவும் கிடையாது.

அடுத்து பலம். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து ஒரு டிரான்ஸ்பாண்டர், அதாவது சேனல்களைக் கீழே அனுப்பும் பெட்டி, அனுப்புவது 12 அடி டிஷ்ஷில் குவிந்து எல்என்பி வாசலுக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும்? ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. இனி ஒரு கிலோமீட்டர் தள்ளி, மறைப்பில்லாமல் தெரியும் 5ஜி டவரைக் கணக்குப் போடுங்கள். உங்கள் டிஷ் வானத்தைப் பார்க்கிறது, டவரைப் பார்க்கவில்லை. எனவே டவரின் அலை டிஷ்ஷின் ஓரத்தால், பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். அந்த நஷ்டத்தையெல்லாம் கழித்த பிறகும், டவரின் கற்றை உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில், எல்என்பிக்குள் போவது செயற்கைக்கோள் சமிக்ஞையைப் போல சுமார் ஒரு லட்சம் மடங்கு. 300 மீட்டரில் டவர் இருந்தால் பத்து லட்சம் மடங்கு. சுவரும் மரமும் குறுக்கே நின்றால் இது நன்றாகக் குறையும். டவர் எப்போதும் உங்கள் பக்கமே பேசாது என்பதாலும் குறையும். ஆனால் லட்சத்தில் பாதி போனாலும் அரை லட்சம்.

எல்என்பியின் வேலையே உள்ளே வருவதைப் பத்து லட்சம் மடங்கு பெருக்குவது. லட்சத்தில் ஒரு பங்கு பலமுள்ளதை எதிர்பார்த்துச் செய்த பெருக்கியில் இதைக் கொட்டினால் அது மேலே போக முடியாமல் முட்டி நின்றுவிடும். முட்டியதும் 3,500-ல் இருப்பது மட்டும் கெடுவதில்லை, 3,900-ல் இருக்கும் உங்கள் சேனலும் சேர்ந்தே நசுங்கும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசிப் பார்த்திருப்பீர்கள். நாதஸ்வரக்காரர் உங்கள் பேச்சில் குறுக்கே பேசவில்லை, தன் ராகத்தைத்தான் வாசிக்கிறார். உங்கள் காது நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். இதை எங்கள் துறையில் ஓவர்லோட் என்போம்.

பக்கத்து அலைவரிசைக்காரன் தொந்தரவு கொடுக்கும் வழி இது ஒன்றுதான் என்றில்லை. இன்னொன்று, டவரே தன் எல்லைக்கு வெளியே கொஞ்சம் கசிவது. எந்த டிரான்ஸ்மிட்டரும் கத்தியால் வெட்டியது போல 3,670-ல் நிற்காது, சரிவாகத்தான் இறங்கும். அந்தச் சரிவின் வால் 3,700-க்கு மேல் வந்தால் உங்கள் பக்கம் என்ன ஃபில்டர் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அது உங்கள் சேனல் இருக்கும் எண்ணிலேயே வருகிறது. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் டவர்காரர்கள். மூன்றாவது, இரண்டு பலமான அலைகள் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பெற்றுப்போடுவது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது உங்கள் போன் கேள்விக்குத்தான் அதிகம் பொருந்தும்.

உங்களுக்கு நடப்பது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நீங்களே ஒரு நல்ல துப்பு கொடுத்திருக்கிறீர்கள்: சாயங்காலம். 5ஜி டவர் யாரும் பயன்படுத்தாதபோது கிட்டத்தட்ட வாயை மூடிக்கொள்ளும். 20 மில்லி நொடிக்கு ஒருமுறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அடையாளம் மட்டும் காட்டும். ஊர் முழுக்க வீடியோ பார்க்கும் நேரத்தில்தான் முழுத் தெம்போடு பேசும். எனவே ராத்திரி 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் உங்கள் ரிசீவரில் எம்இஆர், அதாவது சமிக்ஞையின் தரத்தைக் காட்டும் எண், எவ்வளவு என்று குறித்துப் பாருங்கள். 3 மணிக்கு நன்றாக இருந்து 9 மணிக்குத் தரையைத் தொட்டால், சந்தேகம் 5ஜி மேல் வலுக்கும். நாள் முழுக்க ஒரே மாதிரி மோசம் என்றால் முதலில் கனெக்டர், கேபிள், எல்என்பி ஆகியவற்றைப் பாருங்கள். பாதி புகார்களில் தண்ணீர் புகுந்த கனெக்டர்தான் குற்றவாளி. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள் பகலில் சில நிமிடம் மட்டும் போய் வந்தால் அது சூரியன். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும் நேரம் அது. அதற்கு எவனையும் திட்டிப் பயனில்லை.

எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று திரையில் வரைந்து காட்டும் அனலைசர் கையில் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சி-பேண்ட் எல்என்பிக்குள் 5,150 மெகாஹெர்ட்ஸில் ஓர் ஆசிலேட்டர் ஓடுகிறது. வருவதை அதிலிருந்து கழித்துத்தான் கேபிளில் அனுப்பும். எனவே 4,200-ல் வந்தது 950-ல் தெரியும், 3,700-ல் வந்தது 1,450-ல் தெரியும். 5ஜி பட்டை 1,480-லிருந்து 1,850 வரை உட்கார்ந்திருக்கும். அந்தப் பகுதியைப் பாருங்கள். 5ஜி இந்தப் பட்டையில் விட்டு விட்டுப் பேசுவதால் சாதாரணமாகப் பார்த்தால் தப்பிவிடும். வந்த உச்சத்தை அழிக்காமல் திரையில் வைத்திருக்கும் மேக்ஸ் ஹோல்டில் சில நிமிடம் விட்டுவையுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் தட்டையான மேடை போல ஒன்று எழும்பி நின்றால் அதுதான். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

மருந்து, எல்என்பிக்கும், அதற்கு முன்னால் அலையை வாங்கும் குழலான ஃபீட்ஹார்னுக்கும் நடுவில் மாட்டும் ஃபில்டர். 3,700 முதல் 4,200 வரை விட்டு மற்றதை வெட்டும் உலோகக் குழாய் அது. கேபிள் பக்கம், அதாவது எல்என்பிக்குப் பின்னால் மாட்டும் சின்ன ஃபில்டரை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். முட்டுவது எல்என்பிக்குள்ளே. கெட்ட பிறகு வடிகட்டி என்ன பிரயோசனம்?

விற்கிறவர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டருக்கும் விலை உண்டு, ரூபாயில் மட்டுமில்லை. நல்ல சமிக்ஞையிலும் அரை டெசிபல் அளவுக்கு அது சாப்பிடும். கேட்கும்போது அரைதானே என்று தோன்றும். ஆனால் இந்த அமைப்பில் எல்என்பிக்கு முன்னால் போகும் ஒவ்வொரு அரை டெசிபலும் இரைச்சலாகவும் திரும்பி வரும். இரண்டும் சேர்ந்து படத்தின் தரத்தில் இரண்டு டெசிபலுக்கு மேல் அடிபடலாம். 12 அடி டிஷ்ஷில் அது தெரியாது. ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும் 6 அடி டிஷ்ஷில் ஃபில்டர் மாட்டியதும் வந்துகொண்டிருந்த சேனலும் போய்விடும், நீங்கள் ஃபில்டரைத் திட்டுவீர்கள். 3,700-ஐ ஒட்டி இருக்கும் சேனல்களுக்கு அடி இன்னும் அதிகம், ஃபில்டரின் சரிவு அங்கேதான் தொடங்குகிறது. 3,700-க்குக் கீழே, 3,640, 3,660 என்கிற எண்ணில் நீங்கள் இன்னும் ஏதாவது சேனல் எடுத்துக்கொண்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். அது 5ஜி இருக்கும் அதே இடம். ஃபில்டர் அதையும் சேர்த்து வெட்டும், வெட்டாவிட்டால் டவர் வெட்டும். சேனல்காரரிடம் வேறு டிரான்ஸ்பாண்டர் கேட்பதுதான் வழி.

காசு செலவில்லாத மருந்து ஒன்று உண்டு, அது நம் ஊருக்கென்றே அமைந்தது. டிஷ்ஷை மாடியிலிருந்து கீழே இறக்குங்கள். சென்னையிலிருந்து, 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் ஜிசாட்-30 செயற்கைக்கோளைப் பார்க்க டிஷ் சுமார் 74 டிகிரி நிமிர்ந்திருக்கும், கிட்டத்தட்ட உச்சி. கிழக்கே 105.5 டிகிரியில் இருக்கும் ஏஷியாசாட்-7 கூட 57 டிகிரி உயரத்தில் இருக்கிறது. எனவே நான்கு பக்கமும் சுவர் எழும்பிய முற்றத்தில் வைத்தாலும் செயற்கைக்கோள் தெரியும், டவர் தெரியாது. ஐரோப்பாவில் இதைச் செய்ய முடியாது, அங்கே டிஷ் அடிவானத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். மாடியில்தான் டிஷ் நிற்க வேண்டும் என்று நம் ஊரில் ஒரு பழக்கம், அதற்குக் காரணம் இடவசதி மட்டுமே. இறக்க வழியில்லை என்றால் டவர் பக்கமாக டிஷ்ஷுக்கு அருகே கைப்பிடிச் சுவரை உயர்த்துங்கள், அல்லது கோழிவலையை இரும்புச் சட்டத்தில் அடித்து நிறுத்துங்கள். வலையின் ஓட்டை ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், இந்த அலையின் நீளம் எட்டு சென்டிமீட்டர்தான். ஃபில்டருக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

மழைக்கு டிடிஎச் படுத்துவிடும்போதும் கேபிள் ஓடுவதற்குக் காரணம் இந்த சி-பேண்ட்தான். இதை விட்டுவிட்டு வேறு பட்டைக்கு ஓடலாமே என்று யாராவது சொன்னால் ஐப்பசி மாதம் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

யார் செலவில் என்கிற கேள்வியும் நியாயமானது. பிரிட்டனில் 800 மெகாஹெர்ட்ஸில் 4ஜி வந்தபோது டிவி 790-ல் முடிந்தது, 4ஜி டவர் 791-ல் தொடங்கியது. 23 லட்சம் வீடுகள் வரை பாதிக்கப்படலாம் என்று கணித்து, மொபைல் கம்பெனிகளின் பணத்தில் 18 கோடி பவுண்டு ஒதுக்கி, வீட்டுக்கு ஃபில்டரை இலவசமாக அனுப்ப ஓர் அமைப்பையே வைத்தார்கள். கடைசியில் பாதிக்கப்பட்ட வீடுகள் கணித்ததில் மிகச் சிறிய பங்குதான். மாட்டிக்கொண்டவற்றில் ஆன்டெனா பூஸ்டர் வைத்திருந்த வீடுகள் முன்னே நின்றன, அதாவது மறுபடியும் முட்டிய பெருக்கி. அமெரிக்காவில் 3,700 முதல் 3,980 வரையிலான பட்டையை ஏலம் விட்டபோது செயற்கைக்கோள் சேவைகளை 4,000-க்கு மேலே நகர்த்தும் செலவை ஏலம் எடுத்தவர்கள் தலையில் கட்டினார்கள். சீக்கிரம் காலி செய்தால் கூடுதல் பணம் என்று 970 கோடி டாலர் வேறு. இங்கே கேபிள்காரர் தன் பாக்கெட்டிலிருந்து ஃபில்டர் வாங்குகிறார். லட்சத்து ஐம்பதாயிரம் கோடி ரூபாய்க்கு ஏலம் போன இடத்தில் இதற்கென்று ஒரு துளி ஒதுக்கியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

விமான விஷயம் இதே கதைதான், பெட்டி மட்டும் வேறு. விமானம் இறங்கும்போது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வயிற்றுப் பகுதியில் ரேடியோ ஆல்டிமீட்டர் இருக்கிறது. அது கீழே அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு உயரத்தைக் கணக்கிடும். அதன் பட்டை 4,200 முதல் 4,400 வரை. அமெரிக்காவில் 5ஜி 3,980 வரை போகலாம் என்பதால் இடைவெளி 220 மெகாஹெர்ட்ஸ். 220 என்பது தாராளம். ஆனால் இந்த ஆல்டிமீட்டர்கள் பல, கீழே செயற்கைக்கோளின் முணுமுணுப்பு மட்டும் இருந்த காலத்தில் வடிவமைத்தவை. ஃபில்டர் என்று பெயருக்கு ஏதோ இருக்கும். 2021 டிசம்பர் 5-ல் தொடங்க வேண்டிய சேவை முதலில் ஜனவரி 5-க்கு, பிறகு 2022 ஜனவரி 19-க்குத் தள்ளிப்போனது. 19-ந் தேதி ஏர் இந்தியா, எமிரேட்ஸ், ஜப்பானின் இரண்டு பெரிய நிறுவனங்கள் எல்லாம் அமெரிக்க விமானங்கள் சிலவற்றை ரத்து செய்தன. போயிங் 777 மேல்தான் பயம். விமான நிலையங்களைச் சுற்றி டவர்களை நிறுத்தி வைப்பதாகக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டதும் ஓரிரு நாளில் நிலைமை அடங்கியது. பிறகு விமான நிறுவனங்கள் ஆல்டிமீட்டருக்கு ஃபில்டர் மாட்டின, அல்லது புதியது வாங்கின. அதற்கான கெடு 2023 ஜூலை. அந்த ஒரு வாரத்தில் இரு தரப்பும் கத்தியதில் பாதியை, 2020 அக்டோபரிலேயே இந்த ஆபத்தைப் பற்றி ஆய்வறிக்கை வந்தபோது உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். ஒரே அரசாங்கத்தின் இரண்டு துறைகள் கடைசி நாள் வரை ஒன்றை ஒன்று நம்பவில்லை.

நம் ஊரில் 5ஜி 3,670-ல் நின்றுவிடுவதால் இடைவெளி 530 மெகாஹெர்ட்ஸ். இருந்தும் 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஒரு வேலி போட்டது. ஓடுபாதையின் இரு முனையிலிருந்தும் 2.1 கிலோமீட்டர், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 910 மீட்டர் வரை இந்தப் பட்டையில் டவர் கூடாது என்றது. அதற்கு வெளியே அடுத்த 540 மீட்டருக்குப் பலத்தைக் குறைக்க வேண்டும் என்றது. விமான நிலையத்துக்கு அருகே குடியிருப்பவர்கள் 5ஜி வரவில்லை என்று சலித்துக்கொண்டதில் இதற்கும் பங்கு உண்டு. இடைவெளியைப் பார்த்தால் அதிகப்படியான ஜாக்கிரதைதான். பழைய ஆல்டிமீட்டர் எந்த விமானத்தில் இருக்கிறது என்று யாரும் கையடித்துச் சொல்ல முடியாத நிலையில் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கேட்கிற பெட்டியின் பேராசையால் ஒரு கம்பெனியே கவிழ்ந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் லைட்ஸ்கொயர்ட் என்று ஒன்று, 1,525 முதல் 1,559 மெகாஹெர்ட்ஸ் வரையிலான செயற்கைக்கோள் பட்டையில் தரையில் 40,000 டவர் போட்டு 4ஜி தர நினைத்தது. 2011 ஜனவரியில் நிபந்தனையோடு அனுமதியும் கிடைத்தது. பக்கத்தில் 1,575.42-ல் ஜிபிஎஸ் இருக்கிறது. சோதித்தபோது ஜிபிஎஸ் பெட்டிகள் வரிசையாகத் திணறின, பல பெட்டிகள் லைட்ஸ்கொயர்ட்டின் பட்டைக்குள்ளேயே காதை நீட்டிக்கொண்டிருந்தன. என் இடத்தில் நான் பேசுகிறேன், கேட்பது உன் குற்றம் என்று கம்பெனி வாதாடியது. பொறியியல்படி அது சரியான வாதம். ஆனால் எதிரே இருந்தது விமானம், ராணுவம், விவசாய டிராக்டர் வரை பரவிய ஜிபிஎஸ். 2012 பிப்ரவரியில் அனுமதி தொங்கலில் விழுந்தது, மே மாதம் கம்பெனி திவால் மனு போட்டது. தப்பு யார் பக்கம் என்பதைவிட எத்தனை பெட்டி ஏற்கெனவே வெளியே இருக்கிறது என்பதுதான் இந்த வழக்குகளில் பேசும்.

போன் கேள்விக்கு வருவோம். பார் என்பது டவரின் அடையாள அலை எவ்வளவு பலமாக வருகிறது என்று மட்டும் சொல்லும். அதோடு சேர்ந்து எவ்வளவு இரைச்சல் வருகிறது என்று சொல்லாது. மூன்று டவர்கள் ஒரே பலத்தில் கேட்கும் இடத்தில் நின்றால் பார் முழுசாக இருக்கும், வேகம் தரையில் கிடக்கும், ஏனென்றால் ஒரே கம்பெனியின் மூன்று டவரும் ஒரே எண்ணில்தான் பேசுகின்றன. கவரேஜும் குறுக்கீடும் ஒரே அலைதான். வேண்டிய வீட்டில் விழுந்தால் கவரேஜ், வேண்டாத வீட்டில் விழுந்தால் குறுக்கீடு. 1980களில் தூர்தர்ஷன் எட்டாத தென்கடலோர ஊர்களில் மூங்கில் கம்பத்தில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டு இலங்கையின் ரூபவாஹினியில் கிரிக்கெட் பார்த்தவர்களைக் கேளுங்கள். கடலுக்கு மேல் சூடும் ஈரமும் அடுக்காகப் படியும் இரவுகளில் அலை வளைந்து நீண்ட தூரம் போகும். அன்று அது வரப்பிரசாதம். இன்று அதே அடுக்கு வழியாகத் தொலைதூர டவரின் அலை வந்தால் தொல்லை. 5ஜி இந்தப் பட்டையில் ஒரே எண்ணில் பேசவும் கேட்கவும் முறை வைத்துக்கொள்கிறது. எல்லா டவரும் சில மைக்ரோ நொடிக்குள் ஒன்றாகப் பேசி ஒன்றாக நிறுத்த வேண்டும். 300 கிலோமீட்டர் தாண்டி வரும் அலை ஒரு மில்லி நொடி தாமதமாக வந்து, நம் டவர் கேட்க வேண்டிய முறையில் காதில் கத்தும்.

நகரத்துக்குள் இதைவிடப் பெரிய தொல்லை கடைகளில் கிடைக்கும் மொபைல் சிக்னல் பூஸ்டர். அனுமதி இல்லாமல் வைப்பது சட்டவிரோதம். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மலிவான பூஸ்டரில் வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் போதிய தூரத்தில் இல்லாவிட்டால் தன் குரலையே தான் கேட்டு ஊளையிட ஆரம்பிக்கும். அந்த ஊளை நேராக டவரின் காதில் போகும். டவருக்கு உங்கள் போன் கேட்காது, உங்களுக்கு டவர் நன்றாகக் கேட்கும். பார் முழுசு, நெட் இல்லை. ஒரு லாட்ஜில் வைத்த பூஸ்டர் ஒரு தெருவையே முடக்கியதைப் பார்த்திருக்கிறேன். லாட்ஜ்காரர் அறையில் மட்டும் எல்லாம் பிரமாதம்.

டவர் பக்கத்திலேயே பிறக்கும் தொல்லையும் உண்டு, மேலே சொன்ன மூன்றாவது வகை. ஒரே டவரில் 850 பட்டையும் 900 பட்டையும் சேர்ந்து ஓடுகின்றன என்று வையுங்கள். ஒன்று 885-ல் அனுப்புகிறது, இன்னொன்று 940-ல். எங்காவது ஒரு துருப்பிடித்த போல்ட்டில், தளர்ந்த கனெக்டரில் இவை கலந்தால், 885-ன் இருமடங்கிலிருந்து 940-ஐக் கழித்த எண்ணில், 830-ல், புதிதாக ஓர் அலை பிறக்கும். 824 முதல் 844 வரை அந்தக் கோபுரமே தன் போன்களைக் கேட்கும் இடம். எந்த டிரான்ஸ்மிட்டரும் தப்பு செய்யவில்லை, துருதான் டிரான்ஸ்மிட்டர். கடலோரத்தில் உப்புக்காற்று இந்த வேலையை இலவசமாகச் செய்துகொடுக்கும். இதே அக்கம்பக்கத்தில் முன்பு இரண்டு பழைய மொபைல் முறைகள் மோதின: சிடிஎம்ஏ டவர் 889 வரை அனுப்பியது, ஜிஎஸ்எம் டவர் 890-லிருந்து கேட்டது. ஒரே மாடியில் இரண்டும் நின்ற இடங்களில் ஜிஎஸ்எம் செவிடாகிப்போவதும் ஃபில்டர் மாட்டியதும் பிழைத்துக்கொள்வதும் அந்தக் காலத்து பொறியாளர்களுக்கு அன்றாடம்.

கட்டடத்துக்குள் 5ஜி இறங்கவில்லை என்றால் அது பெரும்பாலும் குறுக்கீடு இல்லை. அதே பலத்தில், அதே வகை ஆன்டெனாவில், அதே தூரத்துக்கு அனுப்பினால் 3,500-ல் போகும் அலை திறந்தவெளியிலேயே 700-ல் போவதில் 25-ல் ஒரு பங்குதான் வந்து சேரும், கான்கிரீட்டில் இன்னும் மோசம். 700 மெகாஹெர்ட்ஸை 2016-லும் 2021-லும் விலை அதிகம் என்று யாரும் தொடவில்லை. 2022-ல் ஜியோ மட்டும் எடுத்தது. வீட்டுக்குள் வரும் வித்தியாசத்தில் இதற்கும் பங்கு உண்டு. இன்னொரு சின்ன விஷயம்: 4ஜியின் 2,300 பட்டை 2,400-ல் முடிய, வைஃபையின் முதல் சேனல் 2,401-ல் தொடங்குகிறது. டவர் கண்ணெதிரே இருக்கும் வீட்டில் ரௌட்டர் தடுமாறினால் சேனலை 11-க்கு மாற்றுங்கள், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கே போய்விடுங்கள்.

உங்கள் டிஷ்ஷுக்குத் திரும்பினால், செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் கனெக்டர், பிறகு சுவர் அல்லது வலை, பிறகு ஃபில்டர். நல்ல ஃபில்டரை மாட்டியும் 3,700-ஐ ஒட்டிய சேனல்கள் ராத்திரி 9 மணிக்கு மட்டும் உடைந்தால் அது டவரின் கசிவாக இருக்கலாம். அப்போதுதான் புகார். மொபைல் கம்பெனிக்கு எழுதுங்கள். நகலைத் தொலைத்தொடர்புத் துறையின் சென்னை அலுவலகத்துக்கும், குறுக்கீட்டைக் கண்டுபிடிப்பதையே வேலையாகக் கொண்ட வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்கும் அனுப்புங்கள். 'டவர் வந்ததிலிருந்து டிவி சரியில்லை' என்று எழுதினால் பதில் வராது. எந்த எண்ணில் இருக்கும் எந்தச் சேனல், எந்த நேரம், ஒரு வாரத்துக்கு 3 மணி, 9 மணி எம்இஆர், டிஷ்ஷிலிருந்து டவர் எத்தனை மீட்டர், எந்தத் திசை, ஃபில்டரின் விவரம், அனலைசர் போட்டோ ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று. இவ்வளவும் இருந்தால் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் வண்டியில் கிளம்புவார்.